மழையைக் கணக்கிட்ட பேராசிரியர்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் நான் ஆசிரியனாக இருந்த நாளில், ஓர் ஐப்பசி மாதத்து வகுப்பிலே மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மேற்கே மழை கொட்டுகிறதாம். ஆரணியாற்று வெள்ளம் இங்கே என்றைக்கு வந்து சேரும்?" என்று கேட்டான். அவன் கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. வேடிக்கைக்காகக் கேட்கப்பட்ட வினா அன்று அது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் கடல்நீர் ஏரிக்குள் புகாது. இறாற்குஞ்சுகள் உள்ளே வாரா. ஆற்று வெள்ளம் வந்து அம்மணலை அறுத்துச் செல்லுமாயின் ஏரி பிழைக்கும். தன் தந்தைக்கு வலைவீசும் 'பாடு' எந்நாளில் வருகிறதென்று விரல்விட்டு எண்ணத் தெரிந்த அச்சிறுவனுக்கு, வெள்ளம் வரும் நாளும் தெரியவேண்டியிருந்தது. நானோ, "வரும்போது வரும், உட்கார்" என்றேன். ஆசிரியன் சொல்லத்தக்க விடையன்று அது.

அவ்வினாவையே தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட பேராசிரியர் ஒருவர் சென்னைக் கிண்டியில் இருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். அவர்தாம் டாக்டர் வா. செ. குழந்தைசாமி. 1929 ஜூலை 14-ஆம் நாள் கரூரை அடுத்த வாங்கலாம்பாளையத்தில் பிறந்தவர். கரக்பூரில் பயின்று, பின் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் நீரியல் அறிஞர் வென் தெ சௌவிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் ஆராய்ந்தது யாது? மண் உறிஞ்சியது போக எஞ்சும் மழைநீர் உடனே ஆற்றுக்கு வந்துவிடுவதில்லை. வயலிலும் ஓடையிலும் தங்கித் தங்கி வருகிறது. பழைய எளிய கணக்கு, நீர்ப்பிடிப்புப் பகுதியை அடியில் துளையுள்ள தொட்டியாகக் கொண்டது. தேங்கிய நீர் எவ்வளவோ அதற்கேற்ப வெளியேறும் என்றது. ஆனால் ஆற்றுப்பாலத்தில் நின்று பாருங்கள். வெள்ளம் ஏறும்போது ஓர் அளவு நீர் ஓடுகிறது. வடியும்போதும் ஒரு சமயம் அதே அளவு ஓடுகிறது. அவ்விரு வேளைகளிலும் மேலே தேங்கியிருக்கும் நீர் ஒன்றாகுமா? ஆகாது. எனவே வெளியேறும் அளவோடு, அது ஏறி இறங்கும் வேகத்தையும், மழைவரவு மாறும் வேகத்தையும் சேர்த்தே தேக்கத்தைக் கணக்கிட வேண்டும் என்று பொதுச் சமன்பாடு ஒன்றை அவர் அமைத்தார். ஆசிரியரும் மாணவரும் இணைந்து 1971-ல் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் அதனை வெளியிட்டனர்.

இவ்வறிஞர் ஆய்வறையிலேயே இருந்துவிடவில்லை. தமிழ்நாட்டுத் தொழில்நுட்பக் கல்வி இயக்குநராகப் பணிபுரிந்தார். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரி உள்ளிட்ட நான்கு நிறுவனங்களை இணைத்து 1978-ல் தோன்றியது அண்ணா பல்கலைக்கழகம். அதன் துணைவேந்தராக 1981 முதல் 1990 வரை விளங்கினார். பிறகு அவர் ஏற்ற பணியே என்னை மிகவும் கவர்வது. 1990 முதல் 1994 வரை இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்! விடியுமுன் படகேறும் இளைஞன் பகல் வகுப்புக்கு எங்ஙனம் வருவான்? அவன் இருக்குமிடத்திற்குப் பாடம் செல்லவேண்டும். 2001-ல் இணையவழித் தமிழ் கற்பிக்கத் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்திற்கும் அவரே நிறுவனத் தலைவர்.

குலோத்துங்கன் என்னும் பெயரில் கவிதையும் எழுதினார்; 'வாழும் வள்ளுவம்' நூலுக்கு 1988-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். தமிழ் எழுத்து வடிவங்களைக் குறைக்கவேண்டுமென்று அவர் இடைவிடாது வாதிட்டதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. நாற்பது ஆண்டு அரிச்சுவடி கற்பித்தவனின் பிடிவாதம் என்று கொள்க. 2016 டிசம்பர் 10-ஆம் நாள் அவர் மறைந்தார்.

நான் ஓய்வுபெறுமுன் ஒரு மழைக்காலத்தில், ஊத்துக்கோட்டையில் உறவினருடைய மாணவி ஒருத்தி அங்குப் பெய்த மழையளவைத் தொலைபேசியில் நாள்தோறும் கேட்டெழுதினாள். பொன்னேரிப் பக்கத்து மாணவர் ஆற்றின் மட்டத்தைக் குறித்துவந்தனர். இரண்டையும் ஒரே கட்டத்தாளில் வரைந்தோம். மழையின் உச்சி முதலிலும், ஆற்றின் உச்சி சற்றுத் தள்ளியும் நின்றன. அந்த இடைவெளியை அளவுகோலால் அளந்து, எத்தனை மணி நேரம் என்று அவர்களே கணக்கிட்டார்கள்.