கோடை முழுவதும் வண்ணம் தரும் பெகோனியா

சிம்லா, டார்ஜிலிங், ஷில்லாங், உதகமண்டலம் போன்ற மலை நகரங்களுக்குக் கோடையில் செல்வோர், அங்குள்ள வீடுகளின் தாழ்வாரங்களை அணி செய்யும் பூத்தொட்டிகளைக் காணத் தவறுவதில்லை. சிவப்பு, வெண்மை, மஞ்சள், இளஞ்சிவப்பு ஆகிய நிறங்களில் மாதக்கணக்கில் ஓயாது மலரும் செடிகளுள் பெகோனியா சிறப்பிடம் பெற்றது. அதன் அழகில் ஈடுபட்டு ஒரு தொட்டியை வாங்கிச் சமவெளிக்குக் கொண்டு வருவோர் பலர். சில வாரங்களில் மொட்டுகள் உதிர்கின்றன. தண்டு அழுகிச் சாய்கிறது. செடி வாடுகிறதே என்று மேலும் மேலும் நீர் ஊற்றுவதால் அதன் முடிவு விரைவுபடுகிறது. பெகோனியா எத்தகைய சூழலில் தோன்றியது என்பதை அறிந்து கொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

பெயரும் பிறப்பிடமும்

மேற்கிந்தியத் தீவுகளில் தாவரங்களை ஆராய்ந்த சார்ல்ஸ் ப்ளூமியே என்னும் பிரெஞ்சு அறிஞர், தம்மை ஆதரித்த மிஷேல் பெகோன் என்ற அதிகாரியின் நினைவாக இச்செடிக்குப் பெகோனியா எனப் பெயரிட்டார். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இப்பெயரை ஏற்றுத் தமது நூலில் சேர்த்தார். இன்று இந்த இனத்தில் 2,000க்கு மேற்பட்ட சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. பூக்கும் தாவரங்களுள் மிகப் பெரிய இனங்களில் இதுவும் ஒன்றாகும். ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்பமண்டலப் பகுதிகளில், ஈரமும் நிழலும் மிகுந்த காடுகளில் இவை இயற்கையாக வளர்கின்றன.

இந்தியாவும் பெகோனியாவின் தாயகங்களுள் ஒன்று என்பதைப் பலர் அறியார். இங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் காணப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை அருணாசலப் பிரதேசம் முதலிய வடகிழக்குப் பகுதிகளுக்கு உரியவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சோலைகளில் பெகோனியா மலபாரிகா என்னும் சிற்றினம் வளர்கிறது. இமயமலைச் சாரலில் வாழும் மக்கள் சில சிற்றினங்களின் புளிப்பான இலைக்காம்புகளை ஊறுகாயாகவும் துவையலாகவும் உண்பதுண்டு. இந்தப் புளிப்புக்கு அவற்றில் உள்ள ஆக்சாலிக் அமிலமே காரணம்.

வண்ண இலைகளுக்காக உலகெங்கும் வளர்க்கப்படும் ரெக்ஸ் வகையின் மூதாதையும் அஸ்ஸாம் காடுகளைச் சேர்ந்ததே. 1850களில் ஆர்க்கிட் செடிகளுடன் சேர்ந்து அது இங்கிலாந்தை அடைந்தது. 1857இல் விஞ்ஞான முறைப்படி பெயர் பெற்றது. அதனைப் பிற சிற்றினங்களுடன் கலந்து உண்டாக்கிய ஒட்டு வகைகள் எண்ணற்றவை.

மூவகைச் செடிகள்

தோட்டக்காரர்கள் பெகோனியாவை வேரின் அமைப்பைக் கொண்டு மூன்றாகப் பிரிப்பர். முதலாவது நார்வேர் வகை. மெழுகு பூசியது போன்ற பளபளப்பான இலைகளைக் கொண்ட சிறு செடிகள் இதில் அடங்கும். பாத்திகளின் ஓரங்களுக்கு இவை மிகவும் ஏற்றவை. இரண்டாவது மட்டத்தண்டு வகை. ரெக்ஸ் செடிகள் இவ்வகையின. இவற்றில் மலரைக் காட்டிலும் இலையே சிறப்புடையது. மூன்றாவது கிழங்கு வகை. பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் ஆண்டிஸ் மலைச் சிற்றினங்களிலிருந்து இது உருவாக்கப்பட்டது. ரோஜாவையொத்த பெரிய அடுக்கு மலர்கள் இவ்வகைக்கே உரியவை.

ஒரே செடியில் ஆண் மலரும் பெண் மலரும் தனித்தனியே தோன்றுகின்றன. பெண் மலரின் பின்புறத்தில் இறக்கை போன்ற விளிம்புடைய சூற்பை இருக்கும். கிழங்கு வகையில் அடுக்கு மலராக விளங்குவது ஆண் மலரே. அதன் இருபுறமும் உள்ள சிறு பெண் மலர்களைக் கிள்ளிவிட்டால் செடியின் சக்தி விதையில் செலவாகாது, நடுமலர் பெரிதாகும்.

வெப்பமும் வெளிச்சமும்

15 முதல் 25 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பநிலை கிழங்கு வகைக்கு உகந்தது. பகல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் மொட்டுகள் உதிரத் தொடங்கும். இரவுகளிலும் வெப்பம் தணியாவிடில் செடி மேலும் நலியும். எனவே கோடை முழுவதும் மலர் பெறுவது மலைப்பகுதிகளுக்கே இயல்வது. தில்லி போன்ற வடநாட்டுச் சமவெளிகளில் மெழுகு பெகோனியாவைக் குளிர்காலச் செடியாக வளர்த்து, இளவேனில் வரை மலர் பெறுவதே வழக்கம். பெங்களூரு போன்ற மிதமான தட்பவெப்பமுள்ள இடங்களில் ஆண்டின் பெரும்பகுதியும் இதனை வளர்க்கலாம்.

காலை வெயில் நன்மை தரும். நண்பகல் வெயில் இலைகளைக் கருக்கும். கிழக்கு நோக்கிய தாழ்வாரமோ, மரத்தின் சிதறிய நிழலோ ஏற்றது. காட்டின் அடித்தளத்தில் எட்டும் மங்கிய ஒளியைக் கொண்டே வாழப் பழகியவை இச்செடிகள். மலேசியக் காடுகளில் வளரும் ஒரு பெகோனியாவின் இலைகள் நீல ஒளி வீசுவதன் காரணத்தை 2016இல் விஞ்ஞானிகள் விளக்கினர். அதன் இலைகளில் உள்ள சிறப்பான பசுங்கணிகங்களின் அடுக்கமைப்பு நீல ஒளியைத் திருப்பி விட்டு, நிழலில் கிடைக்கும் பச்சை ஒளியை மிகுதியாகப் பயன்படுத்த உதவுகிறது.

மண்ணும் நீரும்

செம்மண், நன்கு மக்கிய இலையுரம், ஆற்று மணல் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து தொட்டியை நிரப்பலாம். மக்கிய தொழுவுரமும் சிறிது எலும்புத்தூளும் சேர்ப்பது நலம். தொட்டியின் அடித்துளையை ஓட்டுச் சில்லுகளால் தளர்வாக மூடினால் நீர் தேங்காது. மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்த பின்னரே நீர் விட வேண்டும். நீரை இலைகளின்மேல் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுதல் வேண்டும். இலையில் தங்கும் ஈரம் பூசண அழுகலுக்கு இடமளிக்கும். பருவமழைக் காலத்தில் தொட்டிகளைக் கூரையின் கீழ் நகர்த்தி விடுவது இன்றியமையாதது. மலைவாசிகள் பலர் கிழங்குகளை இழப்பது இம்மழை நாட்களில்தான்.

கிழங்குகளை மாசி, பங்குனி மாதங்களில் குழிவான பக்கம் மேலாக இருக்கும்படி ஈர மணலில் வைத்து முளைவித்து, பின்னர்த் தொட்டியில் நடலாம். பகற்பொழுது குறையும் காலத்தில் செடி பூப்பதை நிறுத்திக் கிழங்கில் உணவைச் சேமிக்கிறது. இலைகள் பழுத்ததும் நீர் விடுவதைப் படிப்படியாக நிறுத்தி, தண்டு தானே உதிர்ந்த பின் கிழங்கைத் தோண்டி எடுத்து, உலர்ந்த மணலில் புதைத்து உறைபனி தாக்காத குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும்.

இனப்பெருக்கம்

மெழுகு பெகோனியாவின் விதை தூசியைப் போன்றது. ஒரு கிராமில் ஏறத்தாழ 70,000 விதைகள் இருக்கும். முளைப்பதற்கு வெளிச்சம் தேவையாதலால் விதைகளின்மேல் மண் இடலாகாது. தொட்டியை நீருள்ள தட்டில் வைத்து அடியிலிருந்து நனைய விட்டு, மேலே கண்ணாடித் தகட்டால் மூடினால் இரண்டு, மூன்று வாரங்களில் நாற்று தோன்றும். ரெக்ஸ் வகைக்கு ஓர் இலையே போதும். இலையின் அடிப்புற நரம்புகளை ஆங்காங்கே கீறி, ஈர மணலின்மேல் படிய வைத்தால் ஒவ்வொரு கீறலிலும் ஒரு சிறு செடி தோன்றும். வெட்டுப்பட்ட இடத்துச் செல்கள் மீண்டும் பிரிந்து வளரும் ஆற்றல் பெறுவதே இதற்குக் காரணம்.

ஒரே இலையிலிருந்து பல செடிகளைப் பெற இயலுமாதலால், காட்டிலிருந்து செடிகளைப் பெயர்த்தெடுக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. காட்டு பெகோனியாக்களில் பல, ஒரு பள்ளத்தாக்கு அல்லது நீர் கசியும் சில பாறைச் சரிவுகள் என்னும் குறுகிய எல்லைக்குள்ளேயே வாழ்கின்றன. காடு அழிந்து பாறை வெயிலில் காய்ந்தால், அச்சிற்றினம் புகுவதற்கு வேறிடம் இல்லை. புதிய ஒட்டு வகைகளுக்கு வேண்டிய நோய் எதிர்ப்பும் வெப்பத்தைத் தாங்கும் திறனும் இத்தகைய காட்டுச் செடிகளிலேயே பொதிந்திருக்கக்கூடும். ஆகவே தோட்டத்தில் வளர்க்க விரும்புவோர் நாற்றுப்பண்ணைச் செடிகளையே வாங்குவதும், அவற்றிலிருந்து இலையும் விதையும் எடுத்து அண்டை அயலாருடன் பகிர்ந்து கொள்வதும் சிறந்த முறையாகும்.