நீங்கள் மறந்துவிட்ட வைஃபை... உங்கள் மடிக்கணினி மறக்கவில்லை!

காப்பிக்கடையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறக்கிறீர்கள். எதையும் தட்டவில்லை, மறைச்சொல் கேட்கவில்லை. ஆனால் இணையம் வந்துவிடுகிறது.

"அட, பரவாயில்லையே!" என்று வேலையைத் தொடங்கிவிடுவோம். ஆனால் ஒரு கேள்வி: உங்கள் கணினி இப்போது யாரோடு இணைந்திருக்கிறது?

கணினி எதை நினைவில் வைத்துக்கொள்கிறது?

ஒரு வைஃபை கட்டமைப்புடன் முதல்முறை இணையும்போது அதன் பெயர், பாதுகாப்பு வகை, மறைச்சொல் ஆகியவற்றைக் கணினி ஒரு குறிப்பாகச் சேமித்துவைக்கும். இதற்கு 'புரொஃபைல்' என்று பெயர்.

அப்போது 'தானாக இணை' என்ற கட்டத்தில் 'டிக்' போட்டிருந்தால், அடுத்தமுறை அதே பெயர் காற்றில் தென்பட்டதும் கணினி உங்களைக் கேட்காமலேயே இணைந்துகொள்ளும். 3 ஆண்டுக்கு முன் விடுமுறைக்குத் தங்கிய ஹோட்டலின் வைஃபைகூட அந்தப் பட்டியலில் இன்னும் இருக்கலாம்.

அதில் என்ன ஆபத்து?

மறைச்சொல் இல்லாத வைஃபையைக் கணினி அடையாளம் காண்பது பெரும்பாலும் பெயரை வைத்துத்தான். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பதிவுசெய்ய வேண்டியதில்லை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. உங்கள் கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கு நீங்கள் ஒரு பெயர் வைப்பது போலத்தான்.

ஆக, யாரோ ஒருவர் அதே பெயரில் போலி வைஃபையை உருவாக்கினால், கணினிக்கு வித்தியாசம் தெரியாது. இதை 'ஈவில் ட்வின்', அதாவது 'தீய இரட்டை' என்கிறார்கள்.

இது வெறும் கதை இல்லை. 2024இல் ஆஸ்திரேலியக் காவல்துறை இதன் தொடர்பில் ஆடவர் ஒருவர்மீது குற்றஞ்சாட்டியது. பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும் அவர் போலி வைஃபையை உருவாக்கியதாகக் காவல்துறை கூறியது. இணைந்தவர்களைப் போலிப் பக்கத்துக்குக் கொண்டுசென்று, மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கின் விவரங்களைக் கேட்டதாகக் குற்றச்சாட்டு. சந்தேகத்துக்குரிய வைஃபை பற்றி முதலில் தகவல் கொடுத்தவர்கள் விமான நிறுவன ஊழியர்கள்.

மறைச்சொல் உள்ள வைஃபை என்றால் பாதுகாப்பா?

ஓரளவுக்கு. உங்கள் வீட்டு வைஃபையின் பெயரை ஒருவர் நகலெடுக்கலாம். ஆனால் மறைச்சொல் தெரியாவிட்டால் இணைப்பு முழுமையடையாது.

கடையின் சுவரில் மறைச்சொல்லை ஒட்டிவைத்திருந்தால்? அதைப் பார்த்தவர் எவரும் அதே பெயர், அதே மறைச்சொல்லுடன் ஒன்றை உருவாக்கலாம்.

சிங்கப்பூரில் 2006இல் தொடங்கிய வயர்லெஸ்@எஸ்ஜி சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'எக்ஸ்' என்ற எழுத்தோடு முடியும் வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் இணைப்பில் தகவல்கள் மறையாக்கம் செய்யப்படுகின்றன. இரண்டும் தெரிந்தால் 'எக்ஸ்' உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டியலை எப்படிப் பார்ப்பது?

விண்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை' என்று சென்றால் சேமித்த கட்டமைப்புகளை நிர்வகிக்கும் பகுதி இருக்கும். வேண்டாததற்குப் பக்கத்தில் 'ஃபர்கெட்' என்பதைத் தட்டினால் போதும்.

பட்டியலில் 50, 60 பெயர்கள் இருந்தால் ஒவ்வொன்றாகத் தட்டுவது பெரிய தலைவலி. அங்குதான் கட்டளைகள் கைகொடுக்கும்.

- விண்டோஸ்: 'கமாண்ட் ப்ராம்ப்ட்' சாளரத்தைத் திறந்து 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ புரொஃபைல்ஸ்' என்று ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். முதல் சொல்: என்-இ-டி-எஸ்-எச். இரண்டாவது: டபிள்யூ-எல்-ஏ-என். முழுப் பட்டியலும் நொடியில் வரும். 'ஷோ' என்ற இடத்தில் 'டிலீட்' கொடுத்து, கடைசிச் சொல்லை 'புரொஃபைல்' என ஒருமையில் எழுதி, வைஃபையின் பெயரைச் சேர்த்தால் அது நீங்கிவிடும்.
- மேக்: 'டெர்மினல்' செயலியில் 'நெட்வொர்க்செட்டப்' என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும்.
- லினக்ஸ்: பெரும்பாலான வகைகளில் 'நெட்வொர்க்மேனேஜர்' என்ற மென்பொருள் இருக்கும். அதை இயக்கும் கட்டளை 'என்எம்சிஎல்ஐ'.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். பைத்தானில் சில வரிகள் போதும்: பட்டியலை வாங்கு, ஒவ்வொரு பெயரின் பாதுகாப்பு வகையைப் பார், 'ஓப்பன்' என்று இருந்தால் தானாக இணைவதை நிறுத்து. நீக்காமல், தானாக இணைவதை மட்டும் நிறுத்தவும் நெட்ஷில் வழி இருக்கிறது. தேவைப்படும்போது நீங்களே தட்டி இணைந்துகொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிடாதீர்கள். பள்ளி, பல்கலைக்கழகம், அலுவலகம் ஆகியவற்றின் வைஃபைக்குச் சிறப்பு அமைப்புகள் இருக்கலாம். அவற்றை நீக்கினால் மீண்டும் இணைய தொழில்நுட்பப் பிரிவின் உதவி தேவைப்படலாம்.

இரண்டாவது, கட்டளையால் பட்டியலை மட்டுமல்ல, சேமித்த மறைச்சொல்லையும் பார்க்கமுடியும். கணினியில் நிர்வாகி உரிமை உள்ளவருக்கு உங்கள் வீட்டு வைஃபையின் மறைச்சொல் அப்படியே திரையில் தெரியும். பழைய மடிக்கணினியை விற்கும் முன்னரோ, தம்பி தங்கைக்கோ நண்பருக்கோ கொடுக்கும் முன்னரோ அதை முழுமையாக அழித்துவிடுங்கள். யாரோ இணையத்தில் பகிர்ந்த நிரலை என்ன செய்கிறது என்று புரியாமல் ஓட்டாதீர்கள்.

மூன்றாவது, புதிய விண்டோஸ் 11இல் அருகிலுள்ள வைஃபைகளைத் தேடும் நிரல் உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்கலாம். வைஃபைக்கும் இருப்பிடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சுற்றியுள்ள வைஃபை கருவிகளின் அடையாள எண்களை வைத்தே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைக் கணிக்கமுடியும்! அதனால்தான் அந்தக் கேள்வி.

அப்போ, பொது வைஃபையே வேண்டாமா?

அப்படி இல்லை. இன்று பெரும்பாலான இணையத்தளங்கள் தகவல்களை மறையாக்கம் செய்தே அனுப்புகின்றன. போலி வைஃபையை நடத்துபவர் உங்கள் வங்கிப் பக்கத்தை அப்படியே படித்துவிட முடியாது. அதனால்தான் மோசடிக்காரர்கள் போலிப் பக்கத்தைக் காட்டி, நீங்களே விவரங்களைத் தட்டும்படி செய்கிறார்கள்.

இலவச வைஃபை உங்கள் மின்னஞ்சலின் மறைச்சொல்லைக் கேட்டால், உடனே துண்டித்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? வேறு இணைப்பிலிருந்து அந்த மறைச்சொல்லை மாற்றுங்கள்.

இன்று மாலை 5 நிமிடம் ஒதுக்கி அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். "இது எங்கே இணைஞ்சது?" என்று யோசிக்கவைக்கும் பெயர் ஒன்றாவது இருந்தால், முதலில் அதை நீக்குங்கள்.