வரிசையில் நிற்கும் கண்டுபிடிப்பு

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாக மாத்தளைக்குச் செல்லும் ஏ-9 வீதியில் அக்குறணை இருக்கிறது. இதே வீதிதான் வவுனியாவையும் கிளிநொச்சியையும் கடந்து யாழ்ப்பாணம் வரை செல்கிறது. கடைத்தெருவை விட்டு மேட்டுப்பக்கம் ஏறினால் கராம்பு, சாதிக்காய் மரங்களுக்கிடையே மிளகுக்கொடி படர்ந்த வீட்டுத் தோட்டங்களைக் காணலாம். அப்படியொரு தோட்டத்தின் ஓரத்தில், தகரக் கொட்டிலொன்றில் நாம் ஒரு பெரியவரைச் சந்தித்தோம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். வயலை விட்டு வந்தார். கைப்பழக்கத்தை விட்டு வரவில்லை. பிறருடைய தோட்டங்களில் மிளகு பறித்தவருக்கு, காம்பிலிருந்து மணியை உதிர்க்கும் வேலையே பெரும் பாடாகத் தெரிந்தது. காலால் மிதித்தால் நேரம் போகிறது. வேகமாக அடித்தால் மணி நசுங்குகிறது. பழைய சைக்கிள் ஒன்றின் மிதியையும் ரப்பர் பட்டிகளையும் கொண்டு, மணி நசுங்காமல் உதிர்க்கும் பொறியொன்றை அவர் செய்தார். மணியின் பருமனுக்கேற்ப இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வழியைக் கண்டவர் அவருடைய மகள்.

எட்டு மாதத்துக்கு முன் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டார். இதற்கிடையில் பட்டறைக்காரர் ஒருவர் அதே மாதிரிப் பொறியொன்றைச் செய்ய ஆயத்தமாவதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். "நான் மௌத்தாகிறதுக்கு முந்தி அந்தக் கடதாசி கைக்கு வருமா, தம்பி? கொஞ்சம் கெதியாப் பார்க்கச் சொல்லிக் கேட்க ஏலாதா?" என்றார்.

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. ஆகவே நாம் அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

ஏன் தாமதமாகிறது?

எமது நாட்டில் ஆக்கவுரிமை 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி வழங்கப்படுகிறது. அதற்குரிய அலுவலகம் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம். பொறி புதியதா, துறை அறிந்த ஒருவருக்கு இலகுவில் தோன்றாததா, தொழிலில் பயன்படுமா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். உலகில் வேறெங்காவது இது முன்பே வெளிவந்ததா என்று தேடவும் வேண்டும். அதற்குக் காலம் செல்லும்.

இந்தத் தேடலை வீண்வேலை என்று எண்ணிவிடக்கூடாது. மஞ்சளால் புண் ஆறும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் ஓர் ஆக்கவுரிமை கொடுக்கப்பட்டது. எமது பாட்டிமார் அறிந்த மருந்து அது! இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிச் சபை பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி மறுபரிசோதனை கேட்டது. 1997இல் அந்த உரிமை இரத்தானது. பரிசோதனை நன்றாக நடந்தால்தான் ஏழையின் அறிவுக்கும் காவல்.

விரைவைக் கேட்கும் வழிகள்

பல நாடுகள் வரிசையை முந்துவதற்கு முறையான வாசல்களைத் திறந்துள்ளன. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த கண்டுபிடிப்பாளர், வயதைக் காட்டி மேலதிகக் கட்டணமின்றி முன்னுரிமை கேட்கலாம். பிரித்தானியா 2009 முதல் சுற்றாடலுக்கு நன்மை தரும் கண்டுபிடிப்புகளுக்கு அவ்வாறு இடமளிக்கிறது.

இந்தியாவில் 2016 மே மாதம் விரைவுப் பரிசோதனைக்கான விதி வந்தது. முதலில் புதுத்தொழில் முயற்சிகள் போன்ற சிலருக்கே அது கிடைத்தது. 2019இல் சிறு நிறுவனங்களுக்கும் பெண்களுக்கும் விரிக்கப்பட்டது. தனிநபர்கள் கூட்டாக விண்ணப்பிக்கும்போது அவர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தாலும் போதும். இதற்கு 18ஏ என்ற படிவம் உண்டு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அங்கு விண்ணப்பம் கொடுத்தால் மட்டும் பரிசோதனை தொடங்காது. அதற்கெனத் தனி வேண்டுகோள் கொடுக்க வேண்டும். 2024 முதல் அதற்கான காலம் 31 மாதங்கள். தவறினால் விண்ணப்பம் மீளப்பெறப்பட்டதாகக் கருதப்படும்.

இலங்கையில் விண்ணப்பித்தவர் அந்தத் திகதியிலிருந்து 12 மாதங்களுக்குள் இந்தியாவில் விண்ணப்பித்தால், முதல் திகதியின் முன்னுரிமையை அங்கும் கோரலாம். ஆனால் ஒரு நாட்டின் ஆக்கவுரிமை அந்த நாட்டுக்குள் மட்டுமே செல்லும். இந்தியாவில் விற்கும் எண்ணம் இல்லாதவர் அங்கு பணம் செலவழிப்பதில் பயனில்லை.

எமது கையில் உள்ளவை

பெரியவரின் கடதாசிகளைப் பார்த்தபோது நாம் திடுக்கிட்டோம். விண்ணப்பத்தில் இருந்தது முன்பு குடியிருந்த வாடகை வீட்டின் முகவரி. அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அந்த வீட்டிலேயே கிடந்து, அயலவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தபோது பதிலளிக்க ஒன்பது நாட்களே மிஞ்சியிருந்தன. விரைவு கேட்க நினைத்தவர், விண்ணப்பத்தையே இழக்கவிருந்தார்.

முகாமுக்கும் வாடகை வீட்டுக்கும் மாறி மாறி அலைந்த எமக்கு இது புதிதல்ல. ஆகவே முகவரி மாறினால் அன்றே எழுத்தில் அறிவியுங்கள். கடிதம் வந்தால் நாளைக் கணக்கிட்டுப் பதில் அனுப்புங்கள். படங்களைத் தெளிவாக வரையுங்கள். எதற்கு உரிமை கோருகிறீர்கள் என்பதைச் சுருக்கமாகவும் திட்டமாகவும் எழுதுங்கள். "மிளகு உதிர்க்கும் பொறி" என்று பொதுவாக எழுதினால் கேள்விக்கு மேல் கேள்வி வரும். தேடல் அறிக்கைக்கான வேண்டுகோளைப் பிற்போடாதீர்கள். அவசரக் காரணம் இருந்தால், விண்ணப்ப இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டு, பிறர் பொறியைப் போலச் செய்வதற்கான சான்றையும் இணைத்து, பணிவாக ஒரு கடிதம் எழுதுவதில் தவறில்லை.

முழு உரிமையும் கைக்கு வரும் வரை விண்ணப்பத் திகதியே உங்கள் பலம். உரிமைக் காலமான 20 ஆண்டுகள் அந்தத் திகதியிலிருந்தே எண்ணப்படும். பிந்தி விண்ணப்பிக்கும் பட்டறைக்காரர் உங்களை முந்த முடியாது. அதேவேளை, விரைவான பரிசோதனை விரைவான நிராகரிப்பாகவும் முடியலாம் என்பதை மறக்க வேண்டாம்.

தனியே அலையவும் வேண்டியதில்லை. 1979ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கைக் கண்டுபிடிப்பாளர் ஆணைக்குழு இத்தகையவர்களை ஊக்குவிக்கவே இருக்கிறது.

அன்று மாலை கொட்டிலிலேயே அமர்ந்து பதிலை எழுதினோம். புதிய முகவரியை முதல் வரியில் எழுதினார் பெரியவர். இடைவெளியைக் கண்டவர் மகள் என்பதால் அவருடைய பெயரும் சேர வேண்டும் அல்லவா என்று கேட்டோம். பெரியவர் சற்று யோசித்தார். "சேரத்தான் வேணும். நான் இல்லாட்டியும் அது அவளுக்குத்தானே" என்றார். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அலுவலகத்தைக் கேட்டு இன்னொரு கடிதமும் எழுதப்பட்டது. மறுநாள் காலை இரண்டும் பதிவுத் தபாலில் போயின.