எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள்

கோடை விடுமுறைக்கு ரிஷிகேஷ் போய்க் கங்கையில் ராஃப்டிங் (ரப்பர் படகுச் சவாரி) செய்ய நினைக்கிறவர்கள் டீக்கடையில் என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: "9 கிலோமீட்டரா, 16-ஆ, 26-ஆ, எதுல ஏறலாம்ணே?" அவர்களைக் குறை சொல்ல முடியாது. அங்கே தபோவன் பகுதியில் கடைக்குக் கடை தொங்கும் பலகையில் கிலோமீட்டரும் அதற்கு நேராக ரூபாயும்தான் எழுதியிருக்கும். தூரம் கூடினால் சுகம் கூடும் என்று தோன்றத்தானே செய்யும்?

ஆனால் 16 கிலோமீட்டர் போனால் 16 கிலோமீட்டரும் ஆறு பொங்காது. பெரும்பகுதி தூரம் துடுப்பை மடியில் கிடத்திக்கொண்டு, மேலே பத்ரிநாத் சாலையில் போகும் லாரிகளை வேடிக்கை பார்த்தபடி மிதப்பீர்கள். நடுநடுவே சிறிது தூரம் மட்டும் தண்ணீர் கொதிக்கும். அதைத்தான் ராப்பிட் என்கிறார்கள். நீங்கள் காசு கொடுப்பது அதற்காக.

அது ஏன் அங்கே மட்டும்? பக்கத்து மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் வெள்ளக் காலத்தில் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்து கங்கையில் கொட்டுகின்றன. ஆறு அந்த இடத்தில் குறுகிச் சரிகிறது, வேகம் எடுக்கிறது. பாறையின் தலைமேல் ஏறி விழும் தண்ணீர் அடியில் மோதிப் பின்பக்கமாகச் சுருண்டு குழி போடுகிறது. அதைத் தாண்டியதும் ஆறு மறுபடி அகன்று மடுவாகிவிடும். கங்கையில் புதியவர்களை நம்பி ஏற்றுவதற்கு இந்த மடுதான் காரணம். படகிலிருந்து விழுந்தவரை அடுத்த பாய்ச்சலுக்கு முன் பிடித்துத் தூக்க அங்கே நேரம் கிடைக்கிறது.

ராப்பிட்டுகளை ஒன்று முதல் ஆறு வரை கிரேடு போட்டுப் பிரிப்பது உலக வழக்கம். ஒன்று வெறும் சலசலப்பு. மூன்றில் அலை முகத்தில் அறையும், படகைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். நான்கில் கவிழ்ந்தால் ஆச்சரியப்படக் கூடாது. ஆறாம் கிரேடு நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. பிரம்மபுரியில் ஏறினால் சுமார் 9 கிலோமீட்டர், பெரும்பாலும் ஒன்று, இரண்டு. சிவபுரியில் ஏறினால் 16. 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பெயர் வைத்திருக்கும் மூன்றாம் கிரேடு ஆட்டங்கள் வழியில் வரும். மரைன் டிரைவ் (பம்பாய் இல்லை, ஆற்றோரத்து இடம்) இன்னும் மேலே. அதற்கும் மேலே கௌடியாலா. அங்கிருந்து புறப்பட்டால்தான் நான்கைத் தாண்டும் 'தி வால்' வரும். என்னைக் கேட்டால், முதல்முறை போகும் திடகாத்திரமானவர்களுக்குச் சிவபுரி போதும். கௌடியாலாவை ஏற்கெனவே இரண்டு ஆறுகளில் நனைந்தவர்கள் யோசிக்கலாம்.

இவ்வளவு சொல்லியும் பாதிதான் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் கிரேடு கல்லில் வெட்டிய எழுத்து இல்லை. மாதத்துக்கு மாதம் மாறும். மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பரில் தண்ணீர் தெளிந்து பச்சையாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் ஆறு வற்றும், விரல் விறைக்கும். நம் பள்ளி விடுமுறை வரும் மே, ஜூனில் இமயத்துப் பனி உருகி ஆறு ஏறும். போன நவம்பரில் நண்பர் சிரித்துக்கொண்டே கடந்த அதே ராப்பிட் ஜூனில் வேறு மிருகம். ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங்கையே மூடிவிடுவார்கள். ஆகவே கடைக்காரரிடம் "எத்தனை கிலோமீட்டர்" என்பதற்குப் பதில் "இந்த வாரம் தண்ணீர் எப்படி, இதில் பெரிய ராப்பிட் எது" என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அடுத்த கடைக்கு நடங்கள்.

அடுத்தது, உங்களோடு படகில் யார்? இதை யாரும் யோசிப்பதில்லை. அந்த ரப்பர் படகுக்கு மோட்டார் கிடையாது. கைடு பின்னாலிருந்து திசை காட்டுவார். வேகம் கொடுப்பது முன்னால் இருக்கும் எட்டுப் பேரின் துடுப்பு. பெரிய அலை எதிரே எழும்பும்போது பயத்தில் எல்லோரும் துடுப்பை நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பிடிப்பார்கள். வேகம் போன படகு பக்கவாட்டில் திரும்பும், கவிழும். அதனால் முதல் வரிசையில் வாய்ச்சவடால் மைத்துனரை உட்கார வைக்காதீர்கள்; சொன்ன சொல்லுக்குத் துடுப்பு போடுகிறவர் உட்காரட்டும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றுவதில்லை என்பது அங்கே பொது வழக்கம். வயதைக் கூட்டிச் சொல்லி ஏற்றுகிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளையாகத் தெரிவது பாதி காற்று. அதில் கை வீசுவது பஞ்சுப்பொதியில் ஏறப் பார்ப்பது மாதிரி, பிடிமானமே கிடைக்காது. தாங்கிப் பிடிப்பது லைஃப் ஜாக்கெட்தான். வாரை இறுக்கிய பிறகு தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்களுக்கானது இல்லை, மாற்றிக் கேளுங்கள். துடுப்பின் மேல்முனையில் குறுக்குக் கட்டை ஒன்று இருக்கும். அதை உள்ளங்கையால் மூடியே பிடிக்க வேண்டும். விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும். விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஆறு போகும் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஆறு முதுகில் ஏறி அழுத்திவிடும்.

கூடவே ஒரு கயாக் (ஒருவர் ஓட்டும் சிறு படகு) வருமா என்று கேளுங்கள். விழுந்தவரிடம் முதலில் போய்ச் சேருவது அதுதான். வீடியோ எடுத்துத் தருகிறோம் என்றால், எடுப்பது யார் என்றும் கேட்டுவிடுங்கள். ஒரு கையில் கேமரா வைத்திருக்கும் கைடுக்குப் படகைத் திருப்ப மீதி ஒரு கைதான்.

உங்கள் லீவு ஜூலையில்தான் என்றால் வடக்கே போய்ப் பயனில்லை. கர்நாடகத்தில், குடகின் தெற்கில் பாரபொளே ஆறு மழைக்காலத்தில்தான் படகு விடும் அளவுக்கு நிறையும். ஆனால் அது ஒடுக்கமானது, பாறை மிகுந்தது. கங்கையைப் போல நீண்ட மடுக்கள் அங்கே கிடையாது. அதே மாநிலத்துத் தாண்டேலியில் காளி ஆறு மேலே அணையில் திறந்துவிடும் தண்ணீரை நம்பி ஓடுகிறது. ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் அங்கே ஒரு போன் போட்டு, அன்றைக்குத் தண்ணீர் விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.