ஆறு மாதக் கெடுவும் ஒரு கையொப்பமும்

களனி ஆற்றுக்கு வடக்கே வத்தளையை ஒட்டியுள்ள ஹெந்தளையிலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கும் வெள்ளவத்தைக் கந்தோர்களுக்கும் பேலியகொடைக் களஞ்சியங்களுக்கும் நாள்தோறும் வேலைக்குச் செல்வோருள் ஒருவர் வேலையை இழந்துவிட்டால், வீட்டிலும் அயலிலும் முதலில் எழும் கேள்வி 'வழக்குப் போடுவதா, விட்டுவிடுவதா' என்பதே. இக்கேள்விக்கு அப்படியே விடை சொல்ல முடியாது. வேலை இழந்தவருக்கு இலங்கைச் சட்டம் வெவ்வேறான சில வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. அவற்றுள் எது பொருந்தும் என்பது அவர் எவ்விதமாக வேலையை இழந்தார் என்பதையும், இழந்தவற்றுள் வேலை, பணம், நற்பெயர் ஆகிய மூன்றில் எதை மீட்க விரும்புகிறார் என்பதையும் பொறுத்தது. ஆனால் அவர் மனத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளும் வரை காலம் காத்திருப்பதில்லை. வேலை முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு செய்யப்பட வேண்டும்.

அந்த ஆறு மாதமும் பெரும்பாலும் வீணாகவே கழிகிறது. முதலாளி மனமிரங்கி மீண்டும் அழைப்பார் என்றும், 'அடுத்த மாதம் வந்து பாருங்கள்' என்று முகாமையாளர் சொன்ன சொல்லுக்கு மதிப்பு உண்டு என்றும் நம்பியிருப்போர் பலர். வேலை போன செய்தி சொந்தக்காரருக்குத் தெரியக்கூடாது என்ற வெட்கத்தால் எவரிடமும் ஆலோசனை கேளாதிருப்போரும் உண்டு. வாய்ப்பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதற்காகக் கெடு தானாக நீள்வதில்லை என்பதால், முடிவு எதுவாக இருப்பினும் முதல் சில வாரங்களுக்குள்ளேயே தொழில் திணைக்களத்திலோ தொழிற்சங்கத்திலோ சட்டத்தரணியிடமோ விபரம் கேட்டறிந்துகொள்வது விவேகமானது.

வழிகளுள் பலரும் அறிந்தது தொழில் நியாய சபை. தொழில் பிணக்குகளை விசாரித்துத் தீர்ப்பதற்கென அமைந்த இந்த மன்று, 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில் 1957ஆம் ஆண்டின் 62ஆம் இலக்கத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. அதன் வழியாகத் தனியொரு ஊழியர், சங்கத்தின் துணை இன்றியும், தம் வேலைநீக்கத்தை எதிர்த்து நேரே விண்ணப்பிக்கும் உரிமை பெற்றார். வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதைக் கடந்து நியாயமும் ஒப்புரவும் ஆன கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரம் இச்சபைக்கு உண்டு. 'ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து எவரையும் நீக்கலாம்' என்ற வாசகம் நியமனக் கடிதத்தில் இருப்பதைக் கண்டு ஊழியர் மனம் தளர வேண்டியதில்லை. எனினும் இந்த அதிகாரம் எல்லையற்றதன்று. நியாயமும் ஒப்புரவும் என்ற சொற்கள் தீர்ப்பவருக்குக் காட்டுக்குதிரையின் சுதந்திரத்தைக் கொடுத்துவிடவில்லை என்று நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ ஒரு வழக்கில் கூறியது இன்றும் இத்துறைச் சட்டத்தரணிகளின் வாயில் அடிபடுகிறது. கட்டளை இரு தரப்புக்கும் நியாயமாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஒழுக்கக் குற்றம் எதுவுமின்றி, வியாபாரம் நலிந்தது, ஆட்கள் மிகை என்பன போன்ற காரணங்களால் நிறுத்தப்பட்டவருக்கு வேறொரு வழி கூடுதல் வலிமை தருகிறது. வேலையை முடிவுறுத்துவதற்கான 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனம் ஒன்று, முந்திய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஊழியரை அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்அனுமதியோ இன்றி இக்காரணங்களுக்காக நிறுத்த முடியாது. ஊழியரை நிறுத்த முதலாளியே அரசிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு உலகில் அதிகம் காணப்படாத ஒன்று. அதைத் தளர்த்த வேண்டும் என்று முதலாளிமார் பல காலமாகக் கோரி வருவதில் வியப்பில்லை. அனுமதி பெறாது நிறுத்தப்பட்டவர் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில், அதாவது பேச்சு வழக்கில் 'லேபர் ஒபிஸ்' எனப்படும் இடத்தில், முறைப்பாடு செய்யலாம்.

இங்கே நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் வெளியான சூத்திரம் உண்டு என்பதால் எதிர்பார்ப்பை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்க முடிகிறது. முதல் ஐந்து வருடச் சேவைக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளமும், ஆறாவது வருடம் முதல் பதினான்காவது வருடம் வரை வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளமும், அதற்குப் பின் படிப்படியாகக் குறைந்தும் செல்லும் அச்சூத்திரத்தின்படி, எட்டு வருடம் வேலை செய்து மாதம் 60,000 ரூபா பெற்றவருக்கு 18.5 மாதச் சம்பளமாகிய 1,110,000 ரூபா வரும். தொழில் நியாய சபையிலோ அத்தகைய வாய்பாடு இல்லை. வேலை இழந்த நாள் முதல் ஏற்பட்ட வருமான இழப்பு, இடையில் வேறிடத்தில் உழைத்த பணம், வயது, மறுவேலைக்கான வாய்ப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கணக்கிட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1995இல் வெளியான ஒரு தீர்ப்பில் வகுத்தது. எனவே வழக்கு நடக்கையில் வேறு வேலை தேடிக்கொள்வது உரிமையை அழித்துவிடாது. தொகையைக் குறைக்கக்கூடும், அவ்வளவே.

இவை யாவும் வேலை நிறுத்தப்பட்டது என்பது நிலைநாட்டப்பட்ட பின்னரே பயன்படும். சிக்கல் பெரிதும் அங்கேதான் கிடக்கிறது. மாத இறுதியில் ஊழியர் கந்தோருக்கு அழைக்கப்பட்டு, தட்டச்சு செய்து ஆயத்தமாக வைத்திருந்த தாள் ஒன்று அவர் முன் வைக்கப்படுகிறது. சொந்தக் காரணங்களுக்காக இராஜினாமாச் செய்வதாக அதில் எழுதியிருக்கிறது. கையொப்பமிட்டால் சம்பளமும் நற்சான்றிதழும் இன்றே கிடைக்கும், இல்லாவிட்டால் பொலிசுக்குப் போக வேண்டியிருக்கும் என்று சொல்லப்படுகிறது. கையொப்பம் விழுந்துவிட்டால், நிறுவனம் எதையும் நியாயப்படுத்த வேண்டிய தேவை நீங்கி, அது வலிந்து பெறப்பட்டது என்று காட்டும் சுமை ஊழியர் மேல் ஏறுகிறது. நீக்கியதை நிறுவனம் ஒப்புக்கொண்டால் அதற்கான காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சாரும். கையொப்பமிட நேர்ந்தவர் அன்றோ மறுநாளோ, நடந்ததை விவரித்துப் பதிவுத் தபாலில் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டால், பின்னாளில் அதற்கு நிகரான சாட்சி வேறில்லை.

இதற்கு அடுத்த நிலையில் வருவது, 'நாங்கள் நிறுத்தவில்லை, அவர்தான் வராமல் விட்டார்' என்ற வாதம். இதைப் பதவியை வறிதாக்கல் என்பர். வேலைக்கு வராதிருந்தமை மட்டும் போதாது, வேலையைக் கைவிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்பதே நீதிமன்றங்கள் ஏற்ற நெறி. ஆயினும் அந்தச் சொல்லுக்கு எத்தகைய வலிமை கொடுக்க முடியும் என்பதற்கு 1980 யூலை வேலைநிறுத்தம் சான்று. அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழ், வேலைக்குத் திரும்பாத ஏறத்தாழ 40,000 பேர் பதவியை வறிதாக்கியவர்களாகக் கருதப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். சாதாரண நாளில் தனியார் ஊழியர் ஒருவர், வேலைத்தல வாயிலில் காவலாளி திருப்பி அனுப்பிய அன்றே வேலைக்கு வந்ததைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சலை அனுப்பியிருந்தால் இந்த வாதம் எழுந்து நிற்பது கடினம்.

வழக்கைத் தொடர விரும்பாதவரும் கைவிடக் கூடாத சில உண்டு. பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக முப்பது நாளுக்குள் செலுத்தப்பட வேண்டும். மேலே சொன்ன எட்டு வருட ஊழியருக்கு அது 240,000 ரூபா. இது கருணையால் கொடுப்பதன்று. மோசடி, கையாடல் போன்றவற்றால் நேர்ந்த இழப்பின் அளவுக்கே அதை மறுக்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் தன் பங்காக 12 சதவீதத்தையும் ஊழியரின் சம்பளத்திலிருந்து கழித்த 8 சதவீதத்தையும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதத்தையும் ஒழுங்காகக் கட்டியதா என்பதையும் இத்தருணத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. வேலை போனதும் சேமலாப நிதியை முழுவதும் எடுத்துவிடலாம் என்று எண்ணுவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். பொதுவிதிப்படி அது ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதிலேயே கைக்கு வருகிறது.

சில மாதமே வேலை செய்து, வேறு வேலையும் கிடைத்துவிட்டவர் நிலுவைகளை மட்டும் கேட்டுப் பெற்றுக்கொண்டு ஒதுங்குவதில் இழுக்கில்லை. களவு, கையாடல் என்ற பழியோடு பல வருடச் சேவையிலிருந்து வெளியேற்றப்பட்டவரின் நிலை வேறு. அப்பழி அடுத்த வேலைக்கான நேர்முகத் தேர்வு வரை பின்தொடரும் என்பதால், வருமானக் கணக்கு எவ்வாறிருப்பினும் அவர் நியாய சபையை நாடுவதே தகும். அங்கு செல்பவர் இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: ஒரு வழியை முதலில் தேர்ந்தவருக்கு அதே விடயத்தில் மற்றைய சட்டப் பரிகாரம் மூடப்பட்டுவிடக்கூடும். விசாரணையை மாதக்கணக்கில் முடிக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தாலும், தவணை மேல் தவணையாக அது வருடங்களைத் தின்பதே வழமை.

ஹெந்தளைத் தமிழரைத் தயங்க வைக்கும் மற்றொரு காரணம் மொழி. மேல் மாகாணத்தில் நடவடிக்கைகள் சிங்களத்திலேயே நடக்கின்றன. ஆயினும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வழக்காளி தமிழில் ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும் நடவடிக்கையில் பங்குபற்றவும், அரசின் செலவில் மொழிபெயர்ப்பைப் பெறவும் உரிமை தருகிறது. தொழில் பிணக்குகளைத் தீர்க்கும் மன்றுகளும் இதற்குள் அடங்கும். சட்டத்தரணியை அமர்த்த வசதி இல்லாதவர் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். தொழிற்சங்கப் பிரதிநிதி ஒருவரும் அவருக்காகத் தோன்றலாம். கட்டளை ஊழியருக்குச் சாதகமாக வந்து, நிறுவனம் சட்டப் பிரச்சினை ஒன்றை முன்வைத்து மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய விரும்பினால், அதை முப்பது நாளுக்குள் செய்வதோடு, பணம் செலுத்தும் கட்டளையாயின் அதே தொகையைக் காசாகப் பிணை வைத்தாக வேண்டும். இழுத்தடிப்பதற்காகவே மேன்முறையீடு செய்யும் பழக்கத்தை இந்த ஏற்பாடு ஓரளவுக்கேனும் கட்டுப்படுத்துகிறது.