தானுந்து ஒலியமைப்பு

தானுந்து ஒலியமைப்பு என்பது மகிழுந்து போன்ற ஊர்திகளில் வானொலி, பாடல் முதலியவற்றைக் கேட்பதற்காகப் பொருத்தப்படும் மின்னணுக் கருவிகளின் தொகுதி ஆகும். ஆர்வலர்கள் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தாமே இதனை அமைப்பதும் உண்டு.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் 1930 இல் மோட்டோரோலா என்ற பெயரில் தானுந்து வானொலியை அறிமுகப்படுத்தியது. 1947 இல் அப்பெயரையே நிறுவனத்தின் பெயராகவும் ஏற்றுக்கொண்டது. தொடக்ககால வானொலிகள் வெற்றிடக் குழல்களால் இயங்கின. திரிதடையமும் தொகுப்புச் சுற்றும் வந்த பின்னர் கருவிகள் அளவில் சிறுத்தன.

உறுப்புகள்

* தலைமைக் கருவி: வானொலி, நினைவகம் முதலியவற்றிலிருந்து ஒலிக்குறிகையைத் தருவது.
* மிகைப்பி: பேச்சு வழக்கில் ஆம்ப்ளிஃபயர் எனப்படும், குறிகையின் திறனை உயர்த்துவது.
* ஒலிபெருக்கி: தானுந்துகளில் பெரும்பாலும் 4 ஓம் மின்மறுப்பு உடையது.
* மின்கம்பிகளும் உருகியும்.

மின்னழுத்தமும் திறனும்

பொறி ஓடும்போது ஊர்தியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டு ஆகும். ஒற்றை மிகைப்பியின் வெளியீடு இதன் நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் 7.2 வோல்ட்டுக்கு மேல் அசைய இயலாது. எனவே 4 ஓம் ஒலிபெருக்கிக்குக் கிடைக்கும் திறன் 7.2 × 7.2 ÷ (2 × 4), அதாவது ஏறத்தாழ 6.5 வாட்டு மட்டுமே. இரு மிகைப்பிகளை எதிரெதிர்க் கட்டத்தில் இயக்கி, அவற்றிற்கிடையே ஒலிபெருக்கியைப் பாலமாக இணைத்தால் மின்னழுத்தம் இருமடங்காகும். திறன் நான்கு மடங்காகி 26 வாட்டை எட்டும். தலைமைக் கருவிகள் பலவற்றில் இம்முறையே பயன்படுவதால், ஒலிபெருக்கியின் எதிர்முனையை ஊர்தியின் உடலுடன் இணைத்தல் கூடாது. இதனினும் மிகுந்த திறன் வேண்டுமெனில், மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றைக் கொண்ட தனி மிகைப்பி தேவை.

அமைக்கும் முறை

1. முதலில் மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும்.
2. நேர்முனையிலிருந்து மிகைப்பிக்குத் தடித்த செப்புக் கம்பியை இழுத்து, மின்கலத்திற்கு மிக அருகில் உருகியைப் பொருத்த வேண்டும். 45 செ.மீ. தொலைவுக்குள் பொருத்துவது வழக்கம்.
3. மிகைப்பியின் எதிர்முனையை, வண்ணப்பூச்சு சுரண்டப்பட்ட உலோக உடற்பகுதியில் இறுக்கமாக முடுக்க வேண்டும்.
4. மின்வழங்கல் கம்பியை ஊர்தியின் ஒருபுறமும் குறிகைக் கம்பியை மறுபுறமும் கொண்டு செல்ல வேண்டும்.
5. தலைமைக் கருவியின் இயக்குகம்பியை மிகைப்பியுடன் இணைக்க வேண்டும். இல்லையெனில் மிகைப்பி பொதுவாக இயங்காது.

உருகியின் இடம்

இந்த உருகி முதன்மையாகக் காப்பது கம்பியையே, மிகைப்பியை அன்று. ஊர்தியின் அதிர்வால் கம்பியின் உறை தகட்டு விளிம்பில் தேய்ந்து செம்பு உலோக உடலைத் தொடக்கூடும். அப்போது மின்கலம் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவல்லது. உருகி மிகைப்பியின் அருகே இருந்தால் அம்மின்னோட்டம் அதன் வழியே செல்லாது. உருகி எரியாமல் கம்பி சூடேறித் தீப்பற்றும்.

100 வாட்டு வெளியீடும் 60 விழுக்காடு பயனுறுதிறனும் உடைய மிகைப்பி ஏறத்தாழ 167 வாட்டை உள்வாங்கும். 12 வோல்ட்டில் இது 14 ஆம்பியர் ஆகும். இதற்கு 15 ஆம்பியர் உருகி பொருந்தும். கம்பி அதனினும் மிகுந்த மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும். உருகி அடிக்கடி எரிந்தால் காரணத்தைக் கண்டறிய வேண்டுமே தவிர, பெரிய உருகியை இடுதல் தீங்காகும்.

இரைச்சல்

பொறியின் வேகத்திற்கேற்ப ஏறி இறங்கும் கீச்சொலி மாற்றுமின்னாக்கியிலிருந்து வருவதாகும். தலைமைக் கருவி, மிகைப்பி ஆகியவற்றின் தரை இணைப்புகளிடையே மின்னழுத்த வேறுபாடு இருப்பது இதற்குப் பொதுவான காரணம். தரை இணைப்புகளைத் துருவின்றி இறுக்கமாக அமைப்பதன் மூலம் இதனைப் பெரிதும் தவிர்க்கலாம்.