அழகுக்கும் ஆகும், அடுப்படிக்கும் ஆகும்!

வாசலில் வைக்கிற செடி வேறு, சமையலுக்குப் பறிக்கிற செடி வேறு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டுக்கும் ஒரே செடி போதும், சகோதரிகளே! அதுதான் வெள்ளைக்கரை போட்ட கற்பூரவல்லி. சாதாரணக் கற்பூரவல்லி முழுப் பச்சை. இதிலோ இலைக்கு இலை ஜரிகை வைத்துத் தைத்த மாதிரி வெள்ளை ஓரம்! குற்றாலம் சீசனுக்கு வந்து எங்கள் வீட்டில் தங்குகிறவர்கள், "இது என்ன குரோட்டன்ஸா?" என்று கேட்காமல் போவதில்லை.

இதை ஓமவல்லி என்றும் சொல்கிறோமே, அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. ஓமத்துக்கு மணம் தருகிற தைமால் இதிலும் இருக்கிறது. ஓரிகானோவின் வாசனைக்குக் காரணமான கார்வக்ராலும் உண்டு. அதனால்தான் மேல்நாட்டார் இதைக் 'கியூபா ஓரிகானோ' என்கிறார்கள். டிரினிடாட் தீவில் மீனுக்கும் இறைச்சிக்கும் தடவுகிற பச்சை மசாலாவில் இதையும் அரைத்துச் சேர்க்கிறார்கள்.

வெள்ளை ஓரத்தில் பச்சையம் கிடையாது. செடிக்குச் சாப்பாடு தயாரிப்பதே பச்சையம்தானே? ஆகவே இது கொஞ்சம் மெதுவாகத்தான் வளரும். காலை வெயில் போதும். உச்சி வெயில் பட்டால் ஓரம் கருகிவிடும். நடுவில் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பினால் உடனே ஒடித்துவிடுங்கள். விட்டால் அது வேகமாக வளர்ந்து, கரை போட்ட கிளைகளை அமுக்கிவிடும். ஒடித்தது வீணில்லை, ரசத்துக்கு ஆச்சு!

புதுச் செடிக்கு விதையை நம்ப வேண்டாம். நல்ல கரையுள்ள கிளையில் நாலு அங்குலம் ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஊன்றுங்கள். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய சாண எரு 1 பங்கு. இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடித்துவிடும்.

எங்கள் தென்காசிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும். ஊருக்குக் கொண்டாட்டம், இந்தச் செடிக்கோ கண்டம்! தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். அந்த மூன்று மாதமும் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தி, மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுகிறேன்.

இனி துவையல். ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, 2 மிளகாய் வற்றல் வறுத்து, 12 இலைகளைச் சுருள வதக்கி, 3 மேஜைக்கரண்டி தேங்காய்த் துருவல், கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து அரைத்தால் சூடான சாதத்துக்கு அவ்வளவு ருசி! கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டால் பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிடுவார்கள்.

நர்சரியில் வாங்கின செடியில் பூச்சி மருந்து அடித்திருக்கலாம். ஒரு மாதம் விட்டு, புதிதாகத் துளிர்த்த இலையைப் பறியுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு முக்கியமாக ஒன்று. வெள்ளை விழுந்த இலையெல்லாம் தின்கிற இலை அல்ல. அழகுக்கு வைக்கிற டிஃபன்பேக்கியாவைக் கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் அதற்கு இடமே வேண்டாம். சளிக்கென்று கற்பூரவல்லிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுக்கிற வழக்கம் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.